கல்யாணப் பத்திரிகையில் நாற்பத்தொரு கப்பல்

நம்ம செட்டு ஆட்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் இதைப் படியுங்கள். படித்துவிட்டு வழக்கம்போல் கை கூப்புகிற பொம்மையைப் போட்டுவிட்டு ஓடக் கூடாது.

போன வாரம் நம் குழுவில் ஒருத்தன் ஒரு வீடியோ போட்டான். கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு எளிய காகித வேலைகள். அதில் வருகிற அம்மணி ஏசி அறையில் உட்கார்ந்து, கலர் கலராகத் தாள் அடுக்கி, தண்ணிப்பழம் செய்கிறாள், சூரியன் செய்கிறாள், குச்சி ஐஸ் செய்கிறாள். நீங்களும் "என் பையனுக்குக் காட்டறேன் மாப்ள" என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். முப்பது வயது இன்னும் ஆகவில்லை, அதற்குள் அப்பன்மாராகித் தொப்பையும் போட்டுவிட்டீர்கள். அது உங்கள் பாடு. ஆனால் கடைசியில் தறிப்பட்டறைக்காரன் ஒரு வரி எழுதினான் பாருங்கள்: "நம்மாளு ஒருத்தன் பேப்பர் கப்பல் உட்டே ஒரு கல்யாணத்தை நிறுத்துனான். பாவம், வெவரம் தெரியாத வயசு."

சிரித்தீர்கள். சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. 'வெவரம் தெரியாத' என்ற இடத்தில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரே இந்தக் கதையை அப்படித்தான் சொல்கிறது. நானும் இத்தனை வருஷமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும். விஷயம் நேராக இருக்கும்.

நான் ஐந்தாவது முடித்த கோடை அது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண் வாழப்பாடிப் பக்கம். அப்பா ரிக் வண்டியோடு வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் வருவதாகப் போனில் சொல்லியிருந்தார். ஆகவே வீட்டில் பெரியப்பா சொன்னதுதான் சட்டம். அப்பா ஊரில் இருந்தாலும் அதுதான் சட்டம், அது வேறு.

முதலில் அடித்து வந்த பத்திரிகையில் பெரியப்பா பெயர் விடுபட்டுப்போயிருந்தது. அச்சாபீசில் விட்டார்களா, சித்தப்பா எழுதிக் கொடுத்ததிலேயே விட்டாரா என்று யாருக்கும் தெரியாது. கீழே மாமன், மச்சான், பங்காளி என்று நாற்பது பேர் இருக்கிறார்கள், 'மழலைகள்' என்று போட்டுப் பல் முளைக்காத குழந்தைகள்கூட இருக்கிறார்கள், வீட்டுக்கு மூத்தவர் இல்லை. அதையும் எப்போது பார்த்தார்கள் என்றால், முதல் கட்டைப் பிரித்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முடித்த பிறகு. பெரியப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. வீட்டில் சாப்பிடவில்லை என்று சொல்ல வேண்டும்; பஸ் ஸ்டாப்புக் கடையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

வேறு பத்திரிகை அடித்தாயிற்று. பழையதை என்ன செய்வது? மஞ்சள் தடவிய பத்திரிகையை அடுப்பில் வைக்கக் கூடாது. குப்பையில் போடக் கூடாது. கடையில் பொட்டலம் கட்டவும் கொடுக்கக் கூடாது. அதனால் கட்டோடு தூக்கித் தோட்டத்துச் சாளையில் போட்டார்கள். சாளை என்றால் ஊருக்கு ஒரு மைல் தள்ளி எங்கள் தோட்டத்தில் இருந்த ஓட்டுக் கொட்டகை. ஒரு பக்கம் ஆடு கட்டியிருக்கும், இன்னொரு பக்கம் கடலைக்கொடி அடைத்திருக்கும், நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில் என் தங்கச்சியும் அந்தச் சாளைக்குத்தான் போனாள். அவளுக்கு ஐந்து வயது. வீட்டில் எல்லாருக்கும் பாப்பா.

காலையில் பல் விளக்கும்போது கழுத்தில் ஒரு கொப்புளம். பொழுது சாய்வதற்குள் முதுகு, வயிறு, முகம் எல்லாம் முத்து முத்தாக வாரி இறைத்துவிட்டது. அம்மை. அம்மா உடனே வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து நிலைப்படியில் சொருகப் போனாள். பெரியப்பா வாசலிலேயே மறித்தார்.

"என்ன பண்றே அம்மிணி?"

"பாப்பாளுக்கு ஆத்தா வந்திருக்குதுங் மாமா. நெலவுல வேப்பலை சொருகோணும்."

"இன்னிக்கு நீ சொருகுனா நாளைக்கு வாழப்பாடிக்குச் சேதி போயிரும். ஆத்தா வந்த ஊட்டுல எவன் மேளம் கொட்டுவான்? முகூர்த்தமே நின்னுபோகும்."

"அதுக்குன்னு ஆத்தாளை மறைக்கறதுங்களா?"

"மறைக்கச் சொன்னனா நானு? சாளைக்குக் கூட்டிட்டுப் போங்கறேன். நல்லாக் காத்தோட்டமா இருக்கும். ஆராச்சும் கேட்டா, பனமரத்துப்பட்டிக்கு மாமன் ஊட்டுக்குப் போயிருக்கறான்னு சொல்லு."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை அப்போது புதுச் செருப்பைப் போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தார். "அண்ணன் சொன்னாச் சரியாத்தானுங் இருக்கும் அண்ணி," என்றார். செருப்பு கடித்ததில் முகம் கொஞ்சம் கோணியிருந்தது. மனசாட்சி கடித்தது என்று அம்மா நினைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பாப்பாவைப் போர்வையில் சுற்றி, பெரியப்பாவின் மொபெட்டில் முன்னால் உட்கார வைத்து, தவிட்டு மூட்டை மாதிரி கொண்டுபோனார்கள். வழியில் பால்காரர் பார்த்து, "என்னங்க மூட்டை?" என்று கேட்டாராம். "ஆட்டுக்குத் தீவனம்," என்றாராம் பெரியப்பா. மூட்டை உள்ளேயிருந்து, "பெரியப்பா, எனக்கு மூச்சு முட்டுது," என்றது.

ராத்திரியும் விடிகாலையும் அம்மா சாளையில் பாப்பாவோடு இருப்பாள். பகலில் அவள் வீட்டில் இல்லாவிட்டால் ஊர் கேட்கும். கல்யாண வீடு, வருகிறவர்கள் போகிறவர்களுக்கு ஆக்கிப் போட வேண்டும். ஆகவே பகல் முழுக்க நான்தான் காவல். எனக்கு அதற்கு முந்தின வருஷமே அம்மை வந்து போய்விட்டது, இனி வராது. அந்த வீட்டில் என்னிடம் இருந்த ஒரே தகுதி அதுதான்.

முதல் நாள் கிளம்பும்போது அம்மா என் தாடையைப் பிடித்துச் சொன்னாள்: "சாமி, அவ கை மூஞ்சிக்குப் போகாமப் பாத்துக்கோணும். சொறிஞ்சுக்கிட்டான்னா வடு நின்னுரும். பொறவு ஆயுசுக்கும் போகாது. வேப்பலைல நீவி உடு. கையை மட்டும் சும்மா இருக்க உட்டராத."

இதுதான் எனக்கு இட்ட வேலை. கேட்க லேசாக இருக்கும். சித்திரை வெயிலில், ஓட்டுக் கொட்டகைக்குள், ஆட்டுப் புழுக்கை வாசத்தில், உடம்பு முழுக்க அரிக்கிற ஐந்து வயசுப் பிள்ளையைச் சொறியாதே என்று சொல்லிப் பாருங்கள். கதை சொன்னேன். கேட்டுக்கொண்டே சொறிந்தாள். கையைப் பிடித்தேன். காலால் சொறிந்தாள். துண்டால் கையைக் கட்டலாமா என்று பார்த்தேன். கட்டில் காலில் முகத்தைத் தேய்க்கப் போனாள்.

"பாப்பா, சொறிஞ்சீன்னா உன்ற மூஞ்சி சல்லடையாட்ட ஆயிரும். அதுல மாவு சலிப்பாங்க."

"சலிச்சுக்கட்டும். எனக்கு அரிக்குது அண்ணா."

அப்போதுதான் கண் அந்தப் பத்திரிகைக் கட்டின் மேல் விழுந்தது.

அந்தக் கோடையின் ஆரம்பத்தில் ராசிபுரத்தில் மாதா கோயில் வளாகத்தில் ஒரு கோடை வகுப்பு நடந்தது. யார் வேண்டுமானாலும் போகலாம், சுண்டல் உண்டு. நான் சுண்டலுக்குப் போனேன். அங்கே வந்த டீச்சர் தாள் மடிக்கச் சொல்லிக் கொடுத்தார். நாலாம் நாள் அவருடைய குடையில் காகித வால் ஒட்டியதற்காக என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் விசிறி, தொப்பி, மீன், கப்பல் என்று நாலு உருப்படி கையில் ஏறியிருந்தது. ஐந்தாவதாக முயல் என்றார்கள். அது என் விதியில் இல்லை.

தாள் மடிப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். அன்றைக்கு எனக்குப் பட்ட ஒரே ஞானம் அதுதான். ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை நகத்தால் நீவ வேண்டும். சொறிவதற்கு மூன்றாவது கைக்கு எங்கே போவாள்?

முதலில் விசிறி. நீளவாக்கில் விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு, திருப்பிப் போட்டு இன்னொரு மடிப்பு, மறுபடி திருப்பு. அவளுடைய மடிப்பு ஒன்று கட்டை விரல் அகலம், ஒன்று சுண்டு விரல் அகலம். அடியில் நாரால் கட்டி விரித்ததும் 'நல்வரவு' என்ற எழுத்து மடிப்பு மடிப்பாக உடைந்து தெரிந்தது. எனக்கு விசிறிவிட்டாள். காத்தே வரவில்லை. "ஆஹா, ஊட்டி மாதிரி இருக்குது," என்றேன். அன்றைக்குப் பதினோரு விசிறி மடித்தாள். முகத்துப் பக்கம் கை போகவில்லை.

அடுத்த நாள் தொப்பி. அதை ஆட்டுக்குட்டியின் தலையில் வைத்ததும் ஆட்டுக்குட்டி மாப்பிள்ளையின் பெயர், படிப்பு எல்லாவற்றையும் மென்று தின்றுவிட்டது. அதற்கடுத்த நாள் மீன். அப்புறம் எனக்குத் தெரிந்தது தீர்ந்துபோனது. கப்பலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். நடுவில் செய்ததெல்லாம் நானாகக் கண்டுபிடித்தவை. வட்டமாகக் கிழித்து இரண்டாக மடித்தால் தண்ணிப்பழக் கீற்று. தோலுக்குப் பச்சை அகத்திக்கீரையைத் தேய்த்தோம், சிவப்புக்குச் செம்பருத்தி இதழ், விதைக்கு அடுப்புக் கரி. நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் பாப்பா ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள். சோளத்தட்டையில் கருவேல முள்ளைக் குத்திக் காத்தாடி. தாளை இறுக்கிச் சுருட்டி அடியில் குச்சி சொருகினால் குச்சி ஐஸ். ரோட்டில் ஐஸ்காரர் பாம் பாமென்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும் நேரம் பார்த்து அதைச் செய்தது என் புத்திசாலித்தனம். பாப்பா காகிதக் குச்சி ஐஸைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தம் தேயும் வரைக்கும் அழுதாள்.

"சூரியன் செய்யலாமா பாப்பா?"

"வெளிய ஒண்ணு இருக்குதே. அது பத்தாதா உனக்கு?"

ஐந்து வயசு. எங்கள் வீட்டு வாய்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய ஆள் மாதிரி ஆகிவிடும். ஐந்தாம் நாள் பக்கத்து மாந்தோப்பில் கிளிமூக்கு காய்த்துத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று போனேன். வரும்போது டவுசர் பை இரண்டும் மாங்காய். பாப்பா இடது புருவத்துக்கு மேல் ஒரு கொப்புளத்தைக் கிள்ளி எடுத்திருந்தாள். ரத்தம் கண்ணோரம் இறங்கியிருந்தது. "நீ எங்க போன?" என்று மட்டும் கேட்டாள். அந்த வடு இன்றைக்கும் இருக்கிறது. அது என் கணக்கு. அதற்கு யாரும் என்னை அடிக்கவில்லை. அடிக்க வேண்டியதற்கு அடிக்க மாட்டார்கள், அதுதான் நம் ஊர் வழக்கம்.

ஆறாம் நாள் கப்பல் செய்தோம். எங்கள் கிணறு மூன்று தோட்டத்துக்குப் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். வாய்க்கால் எங்கள் சாளை ஓரமாக வந்து, அடுத்த தோட்டத்து வெங்காயக் காட்டுக்குள் போகும். அன்றைக்கு அவர்கள் முறை. வாய்க்காலில் தண்ணீர் நுரை தட்டிக்கொண்டு போனது. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார வைத்தேன். கப்பலைத் தண்ணீரில் விடப்போகும்போது, "இரு," என்றாள். படுக்கையில் கிடந்த வேப்பிலைக் கொத்தில் ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கப்பலின் நடுவில் நிமிர்த்திச் சொருகினாள்.

"இது ஆரு?"

"ஆத்தா. தண்ணி ஊத்துனா ஆத்தா அவ ஊருக்குப் போயிருவான்னு அம்மா சொல்லுச்சு. நான் இப்பவே அனுப்பிச்சு வெக்கறேன்."

ஆத்தா சாய்ந்து சாய்ந்து போய்ச் சேர்ந்தாள். எங்கே என்றால், பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மண்வெட்டியில். சிறிது நேரத்தில் அந்த அக்கா சொட்டச் சொட்டக் கப்பலைப் பிடித்துக்கொண்டு வரப்பு மேலேயே வந்தார். நான் அதற்குள் பாப்பாவை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்தி அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

"இதை ஆரு உட்டது?"

"நாந்தானுங் அக்கா."

"கல்யாணப் பத்திரிகைல கப்பலு. அதுல வேப்பலை. உள்ள ஆரு சாமி இருக்கறது?"

"ஆடுங்க."

உள்ளே பாப்பா தும்மினாள்.

"ஆட்டுக்குச் சளிங்க," என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "பத்திரிகையும் வேப்பலையும் ஒண்ணாச் சேந்து வந்தா, எழுத்துத் தெரியாதவளுக்குக்கூடச் சேதி தெரிஞ்சுபோகும் சாமி. கல்யாண ஊட்டுல ஆத்தா வந்திருக்கறான்னு அர்த்தம். நான் பாத்தது சரி. ஆருகிட்டயும் சொல்லமாட்டேன். நாளன்னிக்கு எங்க காட்டுல வெங்காயம் புடுங்க இருவது பொம்பளைங்க வாராங்க. ஊரூராப் போய் வேலை செய்யறவளுங்க, வாயும் ஊரூராப் போகும். அன்னிக்கு இன்னொண்ணு மெதந்து வந்துராமப் பாத்துக்கோ."

"சரிங் அக்கா," என்றேன். முழு மரியாதையோடு சொன்னேன். உண்மையாகவே இன்னொன்று விடுகிற எண்ணம் எனக்கு அன்றைக்கு இல்லை.

எண்ணம் மறுநாள் வந்தது. ஏழாம் நாள், முதல் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு, கொப்புளம் வாடத் தொடங்கியிருந்தது. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துக் காத்திருந்தாள். பெரியப்பா மொபெட்டில் வந்து இறங்கினார்.

"மாமா, இன்னிக்குத் தண்ணி ஊத்திட்டா இன்னும் ரெண்டு தண்ணிதான். ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்து ஊத்தறனுங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்குதுங்களே. அதுக்குள்ள நல்லாயிருவா."

"நல்லாயிருவா. மூஞ்சில பொட்டுப் பொட்டாத் தெரியாதா? பாக்கறவன் கேக்கமாட்டானா? இங்கயே ஊத்து. கல்யாணம் முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"கல்யாணத்தன்னிக்குங்களா? பெத்தவ நான் மண்டபத்துல, புள்ள ஆட்டோடயுங்களா?"

"ஒரு நா, ரெண்டு நா. பையன் தொணைக்கு இருப்பான். கல்யாணச் சோறு ரெண்டு எலைக்குக் குடுத்தனுப்பறேன்."

பாப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "பெரியப்பா, என்ற பட்டுப் பாவாடை?"

அவளுக்கு அரக்குக் கலரில் பாவாடை தைத்து வைத்திருந்தது. தைத்து வந்த அன்றே உடுத்திக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்திருந்தாள்.

"அது எங்க போகுது கண்ணு? அடுத்த கல்யாணத்துக்குக் கட்டிக்கலாம்."

"அடுத்த கல்யாணம் ஆருக்கு?"

பெரியப்பா மொபெட் சாவியை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். போகும்போது அவள் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார். தொட்ட கையை வெளியே வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார்.

பாப்பா அழவில்லை. அழுதிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு மெதுவாக, யாருக்கும் தெரியாமல், கன்னத்தில் நகத்தை வைத்தாள். ஏழு நாளாக அவள் கையைக் காவல் காத்தேன். எதற்கு? ஒரே வடுவோடு தப்பித்த முகத்தை ஆட்டுக்குக் காட்டவா?

கட்டைப் பிரித்தேன்.

"எந்திரி பாப்பா. கப்பல் செய்யலாம்."

"எத்தனை?"

"இருக்கற பத்திரிகைக்கெல்லாம்."

அன்று பகல் முழுக்க மடித்தோம். பாதியாக மடித்து, இரண்டு மூலையை நடுவில் சேர்த்து, அடி விளிம்பை மேலே ஏற்றி, உள்ளே கை விட்டு விரித்துச் சதுரமாக்கி, மறுபடி மடித்து, இரண்டு காதையும் பிடித்து இழுத்தால் கப்பல். அந்த இழுப்பைப் பாப்பா எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாக் கப்பலையும் அவள்தான் இழுத்தாள். ஆடு தின்றதும் விசிறியும் தொப்பியும் போக மிச்சம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலும் வேப்பிலை. ஆத்தாவை அனுப்புகிறோம் என்று அவள் நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

மறுநாள் எங்கள் தண்ணீர் முறை. காலையிலேயே எங்கள் காட்டு மடையை மண்ணால் அடைத்துவிட்டு, காய்ந்த வாய்க்காலில் கப்பல்களை வரிசையாக நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். பத்து மணிக்குத்தான் கரண்ட் வரும், வந்தாலும் மோட்டார் ரூம் பூட்டியிருக்கும். முன்னே ஒருதரம் நான் ஸ்டார்ட்டரை நோண்டித் தூக்கி எறியப்பட்டதிலிருந்து, சாவி அம்மாவின் இடுப்பில்தான்.

அம்மா அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. தூக்குப்போசியோடு வரப்பில் வந்தவள் வாய்க்காலைப் பார்த்து நின்றாள்.

"என்ன சாமி இது?"

"கப்பலுங்."

"அதுல நிக்கறது?"

"ஆத்தா."

அம்மா நிமிர்ந்து வெங்காயக் காட்டைப் பார்த்தாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். வெங்காய வாசம் இங்கே வரைக்கும் வந்தது.

"எத்தனை பேரு வந்திருக்கறாங்க?"

"இருவது பேருங்."

அம்மா தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். மொபெட் சத்தம் கேட்கிறதா என்று பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, ஒரு கப்பலில் சாய்ந்து கிடந்த வேப்பிலையை எடுத்து நிமிர்த்திச் சொருகினாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போனாள். பச்சைப் பொத்தானை அமுக்குகிற டக் என்ற சத்தம் கேட்டது.

தண்ணீர் வந்தது. முதலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது, பிறகு கப்பல்களைத் தூக்கியது. ஒன்று கவிழ்ந்தது, இரண்டு கரையில் ஒட்டிக்கொண்டது, குச்சியால் தள்ளிவிட்டேன். மிச்சமெல்லாம் ஆடிக்கொண்டே ஊர்வலம் போயிற்று. பாப்பா சாளைக் கதவிலிருந்து கை காட்டினாள்.

வெங்காயக் காட்டில் முதலில் சிரிப்புக் கேட்டது. "ஏ, இங்க பாருங்க புள்ளைங்களா, கப்பலு." அப்புறம் சிரிப்பு நின்றது. இருபது பேரும் ஒரே இடத்தில் கூடிவிட்டார்கள். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் என்ன இருக்கும்? பெண்ணின் ஊர், பெண் வீட்டுப் பெயர், போன் நம்பர் வரைக்கும் இருக்கும். கப்பலைப் பிரித்தால் விலாசம். ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படிப்பது வாய்க்கால் வழியாகவே எனக்குக் கேட்டது.

"பொண்ணு வாழப்பாடிப் பக்கமாம். அவங்களுக்குச் சொல்லாமயா வெச்சிருக்கறாங்க?"

"ஏக்கா, பாரு. இதுல மூத்தவரு பேரையே காணோம்."

"அவரையும் மறைச்சுட்டாங்களாட்ட இருக்குது."

ஒருத்தி இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் பெரியப்பா வந்துவிட்டார். புளிய விளார் வழியிலேயே ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். வேப்பிலை போனதற்காக நாலு அடி, பெயர் இல்லாத பத்திரிகை வெளியே போனதற்காக எட்டு அடி என்று என் முதுகுக்கு ஞாபகம். நடுவில் அம்மா வந்து விழுந்தாள்.

"உடுங் மாமா. அவனுக்கு என்னங் தெரியும்? வெவரமில்லாத பய. வெளையாட்டுக்கு உட்டுட்டான்."

பெரியப்பா விளாரைப் போட்டுவிட்டார். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த 'வெவரமில்லாத' பட்டம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பெண்ணின் அம்மா வந்து இறங்கினார். கையில் ஒரு கூடை நுங்கு. பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு, சோடா உடைத்து வைத்திருந்தார். அந்த அம்மா உட்காரவில்லை. சோடாவைத் தொடவில்லை.

"கொழந்த எங்க இருக்குது?"

"தோட்டத்துலங்க. காத்தோட்டமா இருக்கும்னு..."

"வழி காட்டுங்க."

வெயிலில் ஒரு மைல் நடந்தே வந்தார். பின்னால் பெரியப்பா, அதற்குப் பின்னால் புதுச் செருப்பில் சித்தப்பா. சாளைக்குள் நுழைந்து, ஆடுகளைப் பார்த்து, கட்டிலைப் பார்த்து, பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நுங்கைத் தோலுரித்து ஊட்டினார். அதற்குப் பிறகுதான் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"ஆத்தா வந்த வூட்டுல பொண்ணு குடுக்க எங்களுக்கு ஒண்ணும் பயமில்லைங்க. எங்க ஊர்லயும்தான் வர்றா, போறா. வந்தவள ஆட்டுப்பட்டியில அடைச்சு வெச்சிருக்கீங்களே, அந்த வூட்டுக்குக் குடுக்கத்தான் யோசனையா இருக்குது. நாளைக்கு என் பொண்ணுக்கு ஒடம்புக்கு வந்தா எங்க போடுவீங்க?"

 பெரியப்பா பயந்ததெல்லாம் பெண் வீட்டுக்காரர்கள் அம்மைக்குப் பயப்படுவார்கள் என்றுதான். அவர்கள் அவருக்குத்தான் பயந்தார்கள்.

சித்தப்பா அன்றைக்கு முதல்முறையாக அண்ணனைப் பார்க்காமல் பேசினார். "பாப்பாளை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க அத்தை. முகூர்த்தம் தள்ளிப் போனாப் போகுதுங்க."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாப்பாவைத் தோளில் தூக்கினார். போர்வை போர்த்தவில்லை. பட்டப்பகலில், பஸ் ஸ்டாப்பு வழியாக, எல்லாரும் பார்க்க நடந்தோம். வீட்டு நிலைப்படியில் அம்மா வேப்பிலை சொருகினாள். மிச்சம் இரண்டு தண்ணீரும் வீட்டு வாசலில்தான் ஊற்றினார்கள்.

கல்யாணம் ஆனியில் நடந்தது. பாப்பா அரக்குப் பாவாடையில் மணவறைப் படியில் ஏறி நின்றுகொண்டு, போட்டோக்காரர் எத்தனை தரம் சொல்லியும் இறங்கவில்லை. சித்தி இப்போதும் சொல்வார், "எனக்கு ஒரு மாசம் லீவு வாங்கிக் குடுத்தவன் நீ," என்று. அவருக்கும் நான் தெரியாமல் வாங்கிக் கொடுத்தேன் என்றுதான் எண்ணம்.

போன மாதம் பெரியப்பாவுக்குக் கண்புரை எடுத்தார்கள். நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்திருந்த ஒருவரிடம் என்னைக் காட்டி, "இவந்தானுங்க, வெவரமில்லாத வயசுல கப்பல் உட்டு..." என்று ஆரம்பித்தார். வழக்கமாக நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"வெவரமில்லாம இல்லீங் பெரியப்பா. தெரிஞ்சுதான் உட்டேன். நாப்பத்தொண்ணையும்."

வந்தவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பெரியப்பா கண்ணாடிக்குள்ளிருந்து என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"போடா. அது எனக்கு அன்னிக்கே தெரியும். மோட்டாரு தன்னால ஓடுமா? சாவி ஆரு இடுப்புல இருந்துது?"

"அப்பறம் என்னைய ஏனுங் அடிச்சீங்க?"

"உங்கம்மாள அடிக்க முடியுமா?"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"முடியாதுங் மாமா," என்றாள். ஒரு சுளையை எடுத்து அவர் கையைத் தேடி வைத்தாள்.